ஜீப்பிலிருந்து இறங்குவோர் பட்டியல்

1

இந்தக் கதையை நான் ஏற்கெனவே ஒருமுறை எழுதியிருக்கிறேன். ஐந்து கட்டங்கள் போட்ட ஒரே தாளில், இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கும்படி. அதை மூன்று பேர் மனப்பாடம் செய்து, ஒரே நாளில், ஒரே மேசைக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னார்கள். நான்காவதாகப் போனவளின் வாழ்க்கையில் நடந்தது அது. ஆக, நீங்கள் படிக்கப்போவது ஐந்தாவது முறை சொல்லப்படுகிறது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பாதியில் தெரிந்தால் கதையை மூடிவைத்துவிடுவீர்கள்.

தொடக்கத்துக்கு மூன்று வாக்கியங்கள் எழுதிப் பார்த்தேன்.

கம்பத்தில் விடியற்காலை ஐந்து மணிக்கே ஜீப்புகள் வரிசையாக—

(விட்டேன். விடியற்காலையில் தொடங்கும் கதைகள் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் இந்தக் கதை விடியற்காலையில்தான் நிற்கப்போகிறது.)

இவாஞ்சலினுக்கு வயது இருபத்து நான்கு. அவளுக்கு மட்டும் அந்த வேலை கிடைத்திருந்தால்—

(விட்டேன். இது செய்தியாளனின் வாக்கியம். முதல் வரியிலேயே இரக்கத்துக்குக் கை நீட்டுகிறது.)

நான் திருடவில்லை, ஆனால்—

(இதை ஏன் விட்டேன் என்று உங்களுக்கே தெரியும்.)

2

பத்தொன்பது ஆண்டுகள் ஒரு நாளிதழுக்குத் தேனி மாவட்டச் செய்தியாளனாக இருந்தேன். பதிப்பை மூடினார்கள். இப்போது பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் நடக்கும் பயிற்சி மையத்தில் வாரம் நான்கு நாள் உட்காருகிறேன். வங்கி, காப்பீடு, கடன் நிறுவனம் என்று நேர்முகத் தேர்வுக்குப் போகிற பிள்ளைகளுக்குக் கதை எழுதிக் கொடுப்பது என் வேலை. "நீங்கள் சந்தித்த ஒரு நெருக்கடியைச் சொல்லுங்கள்", "ஒரு தகராறை எப்படித் தீர்த்தீர்கள்" என்றெல்லாம் இப்போது கேட்கிறார்கள். பதில் சொந்த அனுபவமாக இருக்க வேண்டும்.

மையத்தை நடத்தும் கார்த்திக்ராஜ் என்னைச் சேர்த்துக்கொண்ட அன்று சொன்னது: "பயலுக பயோடேட்டா எல்லாம் எழுதிர்றாங்ய அண்ணே. கதைதான் வரமாட்டேங்குது. வாயைத் தொறந்தா, ஒண்ணுமே நடக்கலங்குறாங்ய. நீங்க கிண்டி எடுத்துருவீக."

உண்மைதான். ஒருவன் தன் அண்ணனின் உடலோடு கேரளத்திலிருந்து ஆம்புலன்ஸில் தனியாக வந்தவன். வழியில் வண்டி பழுதாகி, மழையில், மொழி தெரியாத ஊரில் வேறு வண்டி பிடித்திருக்கிறான். அதையே எழுதலாமே என்றேன். முகத்தைச் சுளித்தான். "அது வீட்டு விஷயம்ல சார். அதைப் போயி எப்படி வேலைக்குச் சொல்றது?"

[அவன் கதையை நான் எழுதவில்லை. இங்கே நான்கு வரி எழுதிவிட்டதையும் இப்போதுதான் கவனிக்கிறேன்.]

இவாஞ்சலின் ஜூன் மாதம் வந்தாள். உத்தமபாளையத்துக்குப் பக்கத்து ஊர். பி.காம். நான்கு நேர்முகத் தேர்வுகளில் தோற்றிருந்தாள். அப்பா இல்லை. அம்மா ஞானசெல்வி பதினேழு ஆண்டுகளாக ஜீப்பில் மலையேறி ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிறவர்.

"நெருக்கடின்னு கேட்டப்ப என்ன சொன்ன?"

"அப்படி ஒண்ணும் இல்ல சார்னு சொன்னேன்."

"நாலு தடவையுமா?"

"நாலாவது தடவை கொரோனான்னு சொன்னேன் சார். எனக்கு முன்னாடி போனவகளும் அதையேதான் சொன்னாகளாம்."

சிரித்தோம். பிறகு அவள் சொன்னாள், தரையைப் பார்த்துக்கொண்டு: "ஒரு பேங்க்ல கூப்பிட்டிருக்காக சார். இதுவும் இல்லன்னா திங்கக்கிழமையிலேருந்து நானும் ஜீப்புதான். அம்மாவுக்குக் கை முடியல. வேலை கெடச்சுட்டா அவுகளை வீட்டுல உக்கார வச்சிரலாம்."

இந்தக் கதையில் பணயம் வைக்கப்பட்டிருப்பது இவ்வளவுதான். ஒரு பெண்மணி வீட்டில் உட்காருவது.

3

"ஜீப்பைப் பத்திச் சொல்லு" என்றேன். செய்தியாளன் மூக்கு.

அவள் கல்லூரி இறுதி ஆண்டு விடுமுறையில் இரண்டு மாதம் அம்மாவோடு தோட்டத்துக்குப் போயிருக்கிறாள். ஜீப்பில் பதினெட்டுப் பேர். பதினான்கு பேர் வரை எல்லைச் சோதனைச் சாவடியில் கண்டுகொள்ள மாட்டார்கள். அதற்கு மேல் போனால் நிறுத்துவார்கள். அதனால் சாவடிக்கு முந்தைய வளைவில் நான்கு பேர் இறங்கிக் குறுக்குப் பாதையில் ஏறி, சாவடியைத் தாண்டி மேல் வளைவில் மறுபடி ஏறிக்கொள்ள வேண்டும். இருபது நிமிட நடை. செங்குத்து. யார் இறங்குவது என்று தினமும் சண்டை.

"வாயில வராத பேச்செல்லாம் பேசுவாக சார். ராமுத்தாய் அக்காவும் எங்கம்மாவும் ஒரு மாசம் பேசவே இல்ல."

இவாஞ்சலின் நோட்டின் கடைசிப் பக்கத்தில் பதினெட்டுப் பெயரையும் எழுதினாள். தினமும் வரிசைப்படி நான்கு பேர். காய்ச்சல் வந்தவருக்கு விலக்கு உண்டு. ஆனால் அடுத்த முறை சேர்த்து நடக்க வேண்டும். முதல் வாரம் முணுமுணுத்தார்கள். இரண்டாம் வாரம் சண்டை நின்றது. ஓட்டுநர் வளைவில் நிறுத்திவிட்டு, "டீச்சரம்மா, வாசிங்க" என்பார். அவள் பெயர்களை வாசிப்பாள். நான்கு பேர் பேசாமல் இறங்குவார்கள்.

எனக்குக் கை பரபரத்தது. ஐந்து மாதத்தில் இப்படி ஒரு கதை வந்ததில்லை.

"அப்புறம்?"

"அப்புறம் அம்மா விழுந்துட்டாக."

மழை நாள். அன்று அவள் முறை. அவள் அம்மாவின் தோளில் தூங்கிவிட்டாள். அம்மா எழுப்பாமல் அவளுக்குப் பதில் இறங்கிப் போனார். பாறையில் வழுக்கி வலது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு கோணலாகக் கூடியது. விரல்கள் முழுக்க மடங்காது.

"இப்ப இடது கையாலதான் பழம் பறிக்காக."

4

நான் எழுதிக் கொடுத்தது இது:

சூழ்நிலை: பணியிடத்துக்குச் செல்லும் வாகனத்தில் தினமும் இடத்தகராறு நிலவியது.

பொறுப்பு: பதினெட்டுப் பேர் குழுவில் வயதில் இளையவளாக இருந்தும், தீர்வு காண முன்வந்தேன்.

செயல்: அனைவரையும் கலந்துபேசி, சுழற்சி முறையில் ஒரு பட்டியல் தயாரித்தேன்.

விளைவு: தகராறு நின்றது. அனைவரும் குறித்த நேரத்தில் பணிக்குச் சென்றோம்.

கற்றுக்கொண்டது: விதி எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி எழுதப்பட்டால், மனிதர்கள் அதை மதிப்பார்கள்.

கடைசிக் கட்டம் கார்த்திக்ராஜின் சேர்க்கை. அதை மாணவர்களே நிரப்ப வேண்டும் என்பது விதி. இவாஞ்சலின் அதை வெறுமையாக விட்டிருந்தாள். "என்ன கத்துக்கிட்டேன்னு தெரியல சார்" என்றாள். நான் நிரப்பினேன். எனக்குப் பத்து விநாடிகூட ஆகவில்லை.

தாளை வாங்கி இரண்டு முறை படித்தாள்.

"அம்மா இதுல எங்கன இருக்காக சார்?"

"அது வேணாம்மா. ரெண்டு நிமிஷம்தான் தருவாங்க. சோகத்தைக் கொண்டுபோனா, பரிதாபத்துல வேலை கேக்கிறதா நினைப்பாங்க."

"சரி சார்" என்றாள். மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

(என்னை நியாயப்படுத்த ஒரு பத்தி இங்கே இருந்தது. அதில் நான் சொன்னதெல்லாம் சரியான ஆலோசனைதான். அதனால்தான் எடுத்துவிட்டேன்.)

5

[இந்த எண்ணில் ஏலத்தோட்டங்களைப் பற்றியும் எல்லை தாண்டிப் போகும் கூலிகளைப் பற்றியும் தகவல் நிறைந்த ஒரு கட்டுரை இருந்தது. நன்றாகவே வந்திருந்தது. அதை எழுதிய நான்கு நாட்களும் ஆறாம் பகுதியை எழுதாமல் தப்பித்துக்கொண்டிருந்தேன் என்பதால் நீக்குகிறேன்.]

6

கார்த்திக்ராஜுக்கு அந்தத் தாள் பிடித்துவிட்டது. "சூப்பர்ணே. பேரை எடுத்துட்டா யாருக்கு வேணாலும் பொருந்தும்." பெயரை எடுத்து மாதிரி விடைகள் கோப்பில் சேர்த்தான். கோப்பு கீழே ஜெராக்ஸ் கடைக்குப் போனது.

எனக்குத் தெரியும். நான் தடுக்கவில்லை. தடுக்க மறந்தேன் என்று முதல் வரைவில் எழுதியிருந்தேன். அது பொய். மாடிப்படியில் ஒரு பையன் கண்ணை மூடிக்கொண்டு "விதி எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி..." என்று முணுமுணுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. பத்தொன்பது ஆண்டுகளில் என் செய்தி எதையும் யாரும் மனப்பாடம் செய்ததில்லை.

அந்தப் பையன் சூரியபிரகாஷ். கம்பத்தில் அப்பாவுக்கு டயர் கடை. நல்ல பையன். மாதிரி விடை என்றால் எல்லோருக்கும் பொது என்று நினைத்தான். அப்படித்தான் அவனிடம் சொல்லியிருந்தார்கள். அவன் ஜீப்பைக் கம்பெனிப் பேருந்து ஆக்கினான். அனுசுயா கல்லூரிப் பேருந்து ஆக்கினாள். வேல்பாண்டி ஒன்றையும் மாற்றவில்லை. ஜீப் ஜீப்பாகவே இருந்தது. மூவருக்கும் இவாஞ்சலினைக் கூப்பிட்ட அதே வங்கியிலிருந்து, அதே நாளுக்கு அழைப்பு வந்திருந்தது.

தேர்வு தேனியில் ஒரு திருமண மண்டபத்தின் சிறிய அறையில் நடந்தது. முதலில் போனவன் சூரியபிரகாஷ். இவாஞ்சலினின் முறை மதியம் மூன்று மணிக்கு வந்தது.

7

அறைக்குள் நடந்ததை அவள் சொல்லித்தான் கேட்டேன். மாலையில், மையத்துப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள். அழவில்லை. [அழுதாள் என்று ஒரு வரைவில் எழுதினேன். கதைக்கு வசதியாக இருந்தது.]

மூன்று பேர். நடுவில் ஒரு அம்மையார், ஒரு பக்கம் கண்ணாடிக்காரர், இன்னொரு பக்கம் மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தவர். ஒரு தகராறைத் தீர்த்த அனுபவம் உண்டா என்று அம்மையார் கேட்டார்.

"ஜீப்புல வேலைக்குப் போறப்ப, இடத்துக்குச் சண்டைன்னு ஆரம்பிச்சேன் சார். கண்ணாடிக்காரர் பேனாவைக் கீழ வச்சுட்டாரு. 'பட்டியல் போட்டீங்க, அதானே?'ன்னாரு. எனக்கு ஒண்ணும் புரியல. இவருக்கு எப்படித் தெரியும்னு. மூணு பேரும் சிரிச்சாக. 'இன்னைக்கு இது நாலாவது வண்டிம்மா'ன்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"இது எனக்கு நடந்தது சார்னு சொன்னேன். 'எல்லாருக்கும்தான் நடந்திருக்கு'ன்னாரு. அந்த மேடம் பாவம், நல்லாத்தான் கேட்டாக. 'சரி, மத்தவங்க சொல்லாதது உங்க கதையில என்ன இருக்கு, அதைச் சொல்லுங்க'ன்னு."

மடித்த தாளைப் பையிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

"எங்கம்மா விழுந்ததைச் சொன்னேன் சார். அன்னைக்கு என் முறைன்னு சொன்னேன். என் பேரை நானே வாசிக்கணும். மழை நல்லா ஊத்துச்சு. நான் தூங்குற மாதிரி கண்ணை மூடிக்கிட்டேன்னு சொன்னேன்."

"தூங்கிட்டேன்னுதானே எங்கிட்டச் சொன்ன?"

"ஆமா சார். ஒங்ககிட்டச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. அங்கன வேற வழியில்ல."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"கண்ணாடிக்காரர் என்னையவே பாத்தாரு. 'இது நல்லா இருக்கே. முந்தின மூணு பேருக்கும் இது இல்ல. யாரு சேத்துக் குடுத்தா?'ன்னாரு."

இதைக் கேட்டதும் எனக்கு முதலில் தோன்றியதை எழுதிவிடுகிறேன்: கண்ணாடிக்காரர் சொன்னது சரி, கதை இப்போதுதான் நன்றாக இருக்கிறது. இரண்டாவதாகத்தான் வெட்கம் வந்தது. இந்த வரிசையை மாற்றி எழுத எனக்கு உரிமை இல்லை.

"அம்மாவுக்குத் தெரியுமா, நீ முழிச்சிருந்தது?"

"எறங்குறப்ப என் மடியில அவுக பையை வச்சாக சார். 'பையைப் பாத்துக்க'ன்னுட்டுப் போனாக. தூங்குறவககிட்ட யாராச்சும் அப்படிச் சொல்லுவாகளா?"

கீழே ஜெராக்ஸ் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அன்று யாருடைய தாளோ.

8

இனி முடிவு வேண்டும். மூன்று வைத்திருந்தேன்.

(அ) கதைசொல்லி வங்கிக்குக் கடிதம் எழுதுகிறான். உண்மை தெரிந்து அவளைத் திரும்பக் கூப்பிடுகிறார்கள். கடிதம் எழுதினேன். தங்கள் மின்னஞ்சல் கிடைத்தது என்று அடுத்த விநாடியே பதில் வந்தது. அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை.

(ஆ) வேலை கிடைத்த சூரியபிரகாஷ் உண்மையை அறிந்து மனம் உடைகிறான். சூரியபிரகாஷ் வந்தான். அரைக்கிலோ மைசூர்பாகு கொண்டுவந்தான். "ஜீப் கதைதான் சார் காப்பாத்துச்சு. அப்பா ஒங்களை ஒருநாள் சாப்பிடக் கூப்பிட்டாக" என்று காலைத் தொட்டான். அவனிடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவனுக்கு அந்த நாள் கெட்டிருக்கும். இவாஞ்சலினுக்கு ஒரு நாளும் நல்லதாகியிருக்காது. இப்படி ஒரு கணக்குச் சொல்லிக்கொண்டு, ஒரு துண்டு எடுத்துச் சாப்பிட்டேன். நெய் நன்றாக இருந்தது.

(இ) வேறொரு நிறுவனத்தில் அவளுக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்கிறது. நான் இதை எழுதும் நாள்வரை கிடைக்கவில்லை. உங்களுக்கு இந்த முடிவு வேண்டுமென்றால், இந்த வரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உங்களைக் குறைசொல்ல மாட்டேன்.

9

அவள் சொன்ன திங்கட்கிழமையிலிருந்தே ஜீப்பில் போகத் தொடங்கிவிட்டாள். ஒரு மாதம் கழித்து, விடியுமுன் கம்பத்துக்குப் போனேன். இந்தக் கதையை எழுத அனுமதி கேட்பதற்கு என்று சொல்லிக்கொண்டேன். முடிவைத் தேடிப் போனேன் என்பதுதான் சரி.

தலையில் துண்டு கட்டியிருந்தாள். பக்கத்தில் ஞானசெல்வி. மெலிந்த, நெடிய பெண்மணி. வலது கையை முந்தானைக்குள் வைத்திருந்தார்.

"எழுதிக்கங்க சார்" என்றாள் இவாஞ்சலின். "எனக்கு இனி அது ஆகாது. அச்சுல வந்துட்டா, நான் எங்கன போயிச் சொன்னாலும் ஒங்க கதையைப் பாத்துச் சொன்னதாத்தான் சொல்லுவாக."

கோபமாகச் சொல்லவில்லை. பழைய துணியை எடுத்துக் கொடுப்பதுபோலச் சொன்னாள். நான் நன்றி சொன்னேன். சொன்னேன் என்பதை நம்ப முடியவில்லை, ஆனால் சொன்னேன்.

பிறகு, ஒரு தடவை ஜீப்பில் வரலாமா என்று கேட்டேன். ஓட்டுநர் ஈஸ்வரபாண்டி சிரித்தார். "வாங்க சார். பேப்பர்ல என் பேரு மட்டும் வரக்கூடாது." [வரவில்லை. அவர் பெயர் ஈஸ்வரபாண்டி அல்ல.]

ராமுத்தாய் எண்ணினாள். "சார் ஏறுனா பத்தொம்பதுல்ல. அஞ்சு பேரு எறங்கணும்."

"சாரை எறக்கி விடு, நடக்கட்டும்."

"அவரு ஒடம்பைப் பாத்தியா? அங்கனயே உக்காந்துட்டார்னா யாரு தூக்குறது?"

எல்லோரும் சிரித்தார்கள். ஞானசெல்வியும் சிரித்தார். நான் ஏறி, இவாஞ்சலினுக்கும் அவள் அம்மாவுக்கும் எதிரே முட்டி இடிக்க உட்கார்ந்தேன். மலை ஏற ஏற மழை தூறத் தொடங்கியது. தார்ப்பாயை இறக்கிவிட்டார்கள்.

(உங்களுக்கு இப்போது தெரிந்திருக்கும். எனக்கும் அப்போதே தெரிந்தது. ஐந்தாவது ஆளாக இறங்க வேண்டியவன் யார் என்பதில் சிக்கல் எதுவும் இல்லை.)

வளைவில் ஜீப் நின்றது. பட்டியல் இன்னும் இருக்கிறது. அந்த விபத்துக்குப் பிறகு நோட்டு ராமுத்தாயிடம் போயிருந்தது. கைபேசி வெளிச்சத்தில் எழுத்துக்கூட்டி நான்கு பெயர்கள் வாசித்தாள். இவாஞ்சலின் பெயர் அதில் இல்லை. ஞானசெல்வி பெயரும் இல்லை. நான்கு பேர் முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு மழையில் இறங்கினார்கள்.

"அஞ்சாவது ஆளு நோட்டுல இல்லையே" என்றாள் ராமுத்தாய். "யாரு போறீக?"

யாரும் என்னைப் பார்க்கவில்லை. அது மரியாதை என்று நினைக்கிறேன். தார்ப்பாயில் மழை அடித்தது. எதிரே இவாஞ்சலின் கண்ணை மூடி, தலையைக் கம்பியில் சாய்த்திருந்தாள். தூங்கினாளா என்று தெரியாது. அவள் அம்மா, மடியில் பையை வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அட, யாராச்சும் எறங்குங்கத்தா. நேரமாகுது" என்றார் ஓட்டுநர்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

எதிரே யாரோ எழுந்தார்கள். முட்டியில் ஒரு சேலையோ சுடிதாரோ உரசியது. ஈரத்துணியில் அந்த வித்தியாசம் தெரியவில்லை. பிறகு என் மடியில் ஒரு பை வந்து உட்கார்ந்தது. உள்ளே தூக்குச்சட்டியின் சூடு.

"பையைப் பாத்துக்கங்க" என்றது ஒரு குரல். எஞ்சின் உறுமலில், அம்மாவின் குரலா மகளின் குரலா என்று பிரித்தறிய முடியவில்லை. என்னிடம் சொல்லப்பட்டது என்பது மட்டும் தெரிந்தது.

பின்கதவு திறந்து மூடியது. ஜீப் நகர்ந்தது. சாவடியில் ஒரு டார்ச் வெளிச்சம் என் இமைகளின் மேல் சிவப்பாகப் போய்வந்தது. எண்ணினார்கள். சரியாக இருந்தது. மேல் வளைவில் நாங்கள் காத்திருந்த நேரமெல்லாம் பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன்.

ஐந்து பேரும் நடந்து வந்தார்களா, நான்கு பேர்தான் வந்தார்களா, பையை என் கையிலிருந்து வாங்கியது எந்தக் கை என்பதெல்லாம் நீங்கள் எழுத வேண்டியது. கண்ணைத் திறந்திருந்தால் நான் எழுதியிருப்பேன்.